பார்த்தவர் படிக்கும் செய்தி

எப்போதும்வென்றான் செய்தித்தாளில் தனியாக வருவது அபூர்வம். 'எட்டயபுரம் அருகே', 'ஓட்டப்பிடாரம் அருகே' என்று இன்னொரு ஊரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். செய்தியின் தலையில் கோவில்பட்டி என்றோ தூத்துக்குடி என்றோ போட்டிருக்கும். நிருபர் உட்கார்ந்திருக்கும் ஊர் டேட்லைன் ஆகிவிடுகிறது; சம்பவம் நடந்த ஊர் அதற்கு அருகே உள்ள ஊர் ஆகிவிடுகிறது. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஊரின் பெயரிலேயே ஒரு காவல் நிலையமும் இருக்கிறது. மாவட்டப் பக்கத்தின் சிங்கிள் காலத்தில் இடம்பிடிக்க இந்த ஊருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது இரண்டு வழிகள்தான். ஒன்று சாலை விபத்து. மற்றது, 'எப்போதும்வென்றான் போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்' என்று முடிகிற ஏதோ ஒன்று. கரிசலில் உளுந்து பூத்தால் செய்தி இல்லை. கருகினால் உண்டு.

இதழியல் படிக்கும் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லப்படுவது ஆறு கேள்விகள்: யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி, ஏன். செய்தி என்பது வாசகருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிப்பது என்ற எண்ணம் இந்தக் கேள்விகளுக்கு அடியில் இருக்கிறது. நகரத்து வாசகருக்கு அது பொருந்தும். கரிசல் கிராமத்தில் நிலைமை வேறு. சாயங்காலம் சாலையில் நடந்த விபத்து, விடிந்து பேப்பர் வருவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். அடிபட்டவர் யார் வீட்டு மருமகன், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், யார் கூடப் போனார்கள் என்பதெல்லாம் டீக்கடைப் பெஞ்சில் ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும். பிறகும் பேப்பரை விரித்து அந்த நாலு வரியைத் தேடுகிறார்கள். செய்தி தெரிந்துகொள்ள அல்ல. எப்படிப் போட்டிருக்கிறான் என்று பார்க்க. "வயசத் தப்பாப் போட்டிருக்கான் பாருங்க அண்ணாச்சி." "அவுக அப்பா பேரு இது இல்லையே." இந்த விமரிசகர்களுக்கு இணையான விமரிசகர் எந்த இதழியல் துறையிலும் இல்லை. மாவட்டச் செய்தியின் கூர்மையான வாசகர், அந்தச் சம்பவத்தைப் பார்த்தவர். அவர் படிக்கும்போது நிற்கிற வாக்கியத்தை எழுதுவதுதான் செய்தி எழுதும் திறன் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற விதிகள் எல்லாம் இதற்குக் கீழே வருபவை.

ஒரு பயிற்சிக்காகக் கற்பனையாக ஒரு செய்தி எழுதிப் பார்ப்போம். 'எட்டயபுரம் அருகே நேற்று மாலை நான்குவழிச் சாலையைக் கடக்க முயன்ற ஆட்டு மந்தை மீது லாரி மோதியதில் 12 ஆடுகள் பலியாகின. மேய்த்துச் சென்றவர் காயமடைந்தார். இதுகுறித்து எப்போதும்வென்றான் போலீசார் விசாரித்து வருகின்றனர்.' எங்கே, எப்போது, என்ன, எப்படி எல்லாம் இருக்கின்றன. டெஸ்க்கில் இருப்பவர் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டார். ஆனால் பார்த்தவர் இதைப் படித்தால் 'கடக்க முயன்ற' என்ற இடத்தில் நின்றுவிடுவார். அந்த இரண்டு சொற்களில் தீர்ப்பு முடிந்துவிட்டது: சாலை லாரிக்கு உரியது, மந்தை அத்துமீறி நுழைந்தது. சாலை நான்கு வழியாவதற்கு முன்பும் மந்தை அதே இடத்தில்தானே கடந்தது? அறுவடை முடிந்த காடுகளில் உரத்துக்காகக் கிடை போடுகிற பருவமா அது? பக்கத்துச் சுரங்கப்பாதை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதில் மந்தை போக முடியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் 'ஏன்' கிடைக்கும். மாதிரிச் செய்தியில் இல்லாத ஆறாவது கேள்வி அதுதான்.

'ஏன்' காணாமல் போவது நிருபரின் சோம்பலால் மட்டும் அல்ல. செய்தியின் கட்டுமானமே அதைத் தள்ளிவிடுகிறது. முக்கியமானதை முதலில் வை, போகப்போக முக்கியம் குறைந்ததை வை என்பது தலைகீழ்ப் பிரமிடு விதி. பக்கத்தில் இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டலாம் என்பது அதன் வசதி. நம் மாவட்டப் பக்கத்தில் கடைசிப் பத்தியில் என்ன இருக்கும்? 'இதுகுறித்து அப்பகுதி மக்கள் கூறுகையில், இங்கு ஏற்கெனவே பலமுறை விபத்து நடந்துள்ளது. சர்வீஸ் ரோடு கேட்டு மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்றனர்' என்று இருக்கும். மாலையில் கால் பக்க விளம்பரம் ஒன்று வந்து சேர்ந்தால் முதலில் போவது அந்தப் பத்திதான். ஆடுகள் செத்தது நிற்கும். அவை சாகக் காரணம் என்ன என்பது குப்பைக்குப் போகும்.

இதோடு தமிழ் வாக்கியத்தின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. யார் இறந்தார், யார் பிழைத்தார் என்பது வாக்கியத்தின் முடிவில்தான் தெரியும். பிரமிடு தலைகீழாக நிற்கச் சொல்கிறது. வாக்கியமோ நேராகவே நிற்கிறது. 'கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற, உளுந்து மூட்டைகள் ஏற்றிய, பின்பக்க விளக்கு எரியாத லாரி' என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், வாசகர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கடைசி வரை நடக்க வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரே மருந்து சிறிய வாக்கியம். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். விளக்கு எரியவில்லை என்பது முக்கியமானால் அதற்குத் தனி வாக்கியம் கொடு. பெயரெச்சத்துக்குள் புதைத்தால் அது வாசகர் கண்ணில் படாது. நாளைக்கு யாராவது ஆதாரம் கேட்டால் நிருபருக்கும் பதில் இருக்காது.

பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் தமிழில் செய்தி எழுதுகிற சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்களில் ஒருவர் எப்போதும்வென்றானுக்குப் பக்கத்து ஊர்க்காரர். எட்டயபுரத்து சுப்பிரமணிய பாரதி 1904 நவம்பரில் சென்னை சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஜி. சுப்பிரமணிய ஐயர் அந்தப் பத்திரிகையைத் தொடங்கிய 1882-ஆம் ஆண்டில்தான் பாரதியும் பிறந்தார். வார இதழாகப் பிறந்த சுதேசமித்திரன் 1899-இல் நாளிதழாகியிருந்தது. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளைத் தமிழாக்குவது அங்கே பாரதியின் அன்றாட வேலைகளில் ஒன்று. உலகத்தின் மறுமூலையில் நடந்ததைப் பார்த்திராத ஒருவர், பார்த்திராத வாசகர்களுக்கு எழுதும் வேலை அது. தப்பு நேர்ந்தாலும் தட்டிக்கேட்க ஆள் இல்லை. 1906-இல் 'இந்தியா' வார இதழுக்கு வந்த பிறகு நிலைமை தலைகீழானது. அதே ஆண்டு வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார், 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், மார்ச்சில் வ.உ.சி. கைதானார், திருநெல்வேலி கொந்தளித்தது. இப்போது பாரதி எழுதியது சொந்தச் சீமையைப் பற்றி. படித்தவர்களில் பார்த்தவர்களும் இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கமும் படித்தது.

அந்த ஆண்டு 'இந்தியா'வில் வந்த எழுத்துக்காகச் சிறை சென்றவர் பாரதி அல்ல. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்த எம். சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். இதழும் அங்கே போயிற்று. பாரதியைப் போற்றும் கட்டுரைகளில் சீனிவாசனுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது. இதழியல் வகுப்பில் அவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பேப்பரின் கடைசிப் பக்கத்து அடியில் மிகச்சிறிய எழுத்தில் அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் என்று போட்டிருக்கிறதே, 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய அந்த வரி, அது வெறும் சம்பிரதாயம் இல்லை. இந்த இதழில் உள்ள வாக்கியங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கான பதில் அது. இன்று கைபேசியில் சுற்றி வரும் தகவலுக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாடு, வேகத்திலோ நடையிலோ இல்லை. அந்தச் சிறிய எழுத்து வரியில் இருக்கிறது.

எளிமையை விதியாக்கியவர் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதிக்காரர். திருச்செந்தூர்ப் பக்கம் காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். பேசுகிற தமிழுக்கு நெருக்கமாக, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்பதைத் தன் ஆட்களுக்குப் பழக்கினார். இதழாளர் கையேடு ஒன்றும் எழுதினார். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் பழக்கம் அந்த நடையோடு சேர்ந்து வளர்ந்தது. ஆதித்தனாரின் சிக்கனம் நல்ல பாடம். ஆனால் எளிய வாக்கியம் உண்மையான வாக்கியமாக இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எளிமை, பொய்யையும் வேகமாகப் பரப்பும்.

அந்தப் பொய் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கூறி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும் 23-ஆம் தேதி காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் உட்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. கடைத்தெருவின் கண்காணிப்புக் கேமராப் பதிவில் அப்படி எதுவும் இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் விசாரித்தார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று.

மாவட்ட நிருபர் தினமும் கையாளும் மூலம் அந்த முதல் தகவல் அறிக்கைதான். காவல் நிலையத்துக்கு ஒரு போன், அரசு மருத்துவமனைக்கு ஒரு போன், தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன். அன்றைய செய்தி தயார். பெரும்பாலான நாட்களில் அதில் தப்பும் இருப்பதில்லை. பழக்கம்தான் ஆபத்து. போலீசார் சொன்னதை 'போலீசார் கூறினர்' என்று எழுதாமல், நடந்ததாகவே எழுதிவிடும் பழக்கம். 'உருண்டு புரண்டதில் காயம் ஏற்பட்டது' என்பது ஒரு வாக்கியம். 'உருண்டு புரண்டதில் காயம் ஏற்பட்டதாக முதல் தகவல் அறிக்கை கூறுகிறது' என்பது வேறொரு வாக்கியம். இரண்டாவதில், இதைச் சொல்பவர் யார், அவருக்கு இதில் என்ன பங்கு என்று வாசகர் கேட்க இடம் இருக்கிறது. மாணவர் கற்க வேண்டிய முதல் இலக்கணம் இதுவே: ஒவ்வொரு கூற்றுக்கும் சொன்னவர் பெயரைக் கட்டு. கட்ட முடியாவிட்டால் நீயே போய்ப் பார்.

இரண்டாவது இலக்கணம் எழுவாய். 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீசார் சுட்டதில் இறந்தவர்கள் 13 பேர். முதல் நாள் செய்திகளில் எண்ணிக்கை இதைவிடக் குறைவு. சிகிச்சையில் இருந்தவர்கள் இறக்க இறக்கக் கூடியது. எண் மாறுவது பிழை ஆகாது. எந்த நேரத்து எண் என்று சொல்லாமல் விடுவதுதான் பிழை. அதைவிடப் பெரிய சிக்கல் 'துப்பாக்கிச் சூடு நடந்தது' என்ற வாக்கியம். மழை பெய்தது என்பதுபோல, சுட்டவர் இல்லாமலே சூடு நடந்துவிடுகிறது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. போலீசார் பலர் மீது நடவடிக்கைக்கு அது பரிந்துரைத்தது. அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

எழுவாயை மறைக்கிற இன்னொரு சொல் 'மோதல்'. 1995 ஆகஸ்ட் 31 அன்று இதே வட்டாரத்தில் கொடியன்குளம் என்ற தலித் கிராமத்துக்குள் போலீஸ் படை புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் நாசம் செய்தது. சாதி வன்முறை நிறைந்த அந்தக் காலகட்டம் முழுவதையும் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று சுருக்கிவிடுகிற வழக்கம் இன்றும் தொடர்கிறது. சாதிப் பெயரைத் தவிர்த்துப் பதற்றத்தைக் கூட்டாமல் இருப்பது பொறுப்பான செயல்தான். ஆனால் அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே சொல்லுக்குள் சமமாகிவிட்டால் அது நடுநிலை இல்லை. தரப்புகள் இரண்டா, மூன்றாவது தரப்பாகக் காக்கிச் சட்டை இருந்ததா என்பதாவது செய்தியில் இருக்க வேண்டும். கொடியன்குளத்தில் அன்று வீட்டுக்குள் இருந்தவர் படிப்பார் என்ற நினைப்போடு எழுதினால் 'மோதல்' என்று எழுதக் கை வராது.

எழுதக்கூடாத பெயர்களும் உண்டு. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பாதிக்கப்பட்டவர் குழந்தையானால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு இன்னும் விரிவாகத் தடுக்கிறது. பள்ளி, வீடு, அக்கம்பக்கம் என எந்த வழியிலும் அடையாளம் தெரியக்கூடாது. கிராமத்தில் இதன் பொருள் கடுமையானது. பெயரை விட்டுவிட்டு, ஊர்ப் பெயரும் வகுப்பும் தகப்பனின் தொழிலும் எழுதினால் பெயரே எழுதியதற்குச் சமம். இங்கே ஊர்ப் பெயரைத் தொலைத்து வெறும் 'அருகே'வோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்ல எழுத்து.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நாளில் நடந்து முடிகிற சம்பவங்கள். கரிசலின் பெரிய செய்திகள் அப்படி நடப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள், நாடே பார்த்தது. பெய்த மழைக்குத் தேதி உண்டு. பெய்யாத மழைக்கு ஏது தேதி? புரட்டாசியில் மழையை நம்பிப் புழுதியிலேயே விதைத்துவிடுகிறார்கள். மழை தள்ளிப்போனால் விதை கெடுகிறது. மறுபடி விதைக்க வேண்டும். பதினைந்து நாள், இருபது நாள் என்று வானத்தைப் பார்த்தபடியே நஷ்டம் நடந்துகொண்டிருக்கும். 'எப்போது' என்ற கேள்விக்கு அங்கே ஒற்றைப் பதில் இல்லை. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட படைப்புழு அதே ஆண்டில் தமிழகத்து மக்காச்சோளத்துக்கும் வந்தது. ஒரு குருத்தில் தொடங்கி ஒரு காடாகி ஒரு வட்டாரமானது. எந்த நாள் அது செய்தி?

பி. சாய்நாத் 1990-களின் தொடக்கத்தில் ராமநாதபுரம், புதுக்கோட்டை உள்ளிட்ட வறட்சி மாவட்டங்களில் சுற்றி எழுதியதற்குப் பின்னால் இருந்த வாதம் இதுதான்: வறுமையைப் பத்திரிகைகள் நிகழ்ச்சியாகப் பார்க்கின்றன, அது ஒரு தொடர் நிகழ்வு. நம் மாவட்டப் பக்கம் இந்தத் தொடர் நிகழ்வுக்கு ஒரு நிரந்தரத் தலைப்பு வைத்திருக்கிறது: 'பயிர்கள் கருகின, விவசாயிகள் கவலை'. எந்த விவசாயி, எத்தனை ஏக்கர், எது முதல் விதைப்பு, எது இரண்டாம் விதைப்பு என்பது இருக்காது. ஐப்பசியில் காட்டோரம் நின்று, "எப்ப வெதச்சீக அண்ணாச்சி? வெத என்ன வெல? மறுக்க வெதச்சீகளா? உழவுக்கு டிராக்டருக்கு எவ்வளவு குடுத்தீக?" என்று கேட்டு வாங்கினால் அந்தத் தலைப்பு தானாக உடையும். கவலை என்ற சொல்லே தேவைப்படாது. ரூபாய்க் கணக்கு போதும். அதே ஆளிடம் தை மாதம் மறுபடி போய்க் கேட்பதற்குப் பெயர் ஃபாலோ-அப். மாவட்டப் பக்கத்தில் அதிகம் பேசப்பட்டு, குறைவாகச் செய்யப்படும் காரியம் அது.

பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி கதைக்காரர் மட்டும் அல்ல, பத்திரிகைக்காரரும்தான்; 1950-களில் மலேயா சென்று தமிழ் நேசனில் வேலை பார்த்தவர். அவருடைய ஊர்க்காரர் கி. ராஜநாராயணன் கரிசலின் பேச்சையே அகராதியாக்கினார். இந்த மண்ணில் கதை சொல்பவர் முடிவை முதலில் சொல்ல மாட்டார். காடு, பருவம், ஆளின் குணம், பழைய பகை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் சம்பவத்துக்கு வருவார். 'ஏன்' அங்கே முதலில் வருகிறது. செய்தி அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவசரத்தில் இருக்கும் வாசகருக்கு யார் இறந்தார் என்பதை மறைத்து வைப்பது நியாயமில்லை. ஆனாலும் கதைக்காரர் காரணத்துக்குக் கொடுக்கும் மரியாதையைச் செய்தியாளர் கடன் வாங்கலாம்.

'பார்த்தவர் படிப்பார்' என்ற அளவுகோலில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பகுதிநேர நிருபர் அதே வட்டாரத்தில் குடியிருப்பவர். சம்பளம் சொற்பம், பலருக்கு விளம்பரக் கமிஷன்தான் வருமானம். விளம்பரம் கொடுப்பவர், சொந்தக்காரர், சாதிச் சங்கத்துக்காரர், கட்சிக்காரர் எல்லாரும் மறுநாள் காலை அந்த நாலு வரியைப் படிப்பவர்கள். அவர்களுக்குப் பயந்து எழுதினால் வருவது செய்தி அல்ல, நல்லெண்ண அறிக்கை. ஆகவே வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும். பார்த்தவருக்கு நிருபர் கடன்பட்டிருப்பது விவரத்தில்: பெயர், வயது, இடம், வரிசை, யார் முதலில் கையை ஓங்கினார் என்பது. முடிவில் அல்ல. அவர் மனம் கோணுவது பரவாயில்லை. 'இது நடக்கவே இல்லை' என்று அவர் சொல்லக்கூடாது.

செய்தி எழுதக் கற்க இடங்கள் இல்லாமல் இல்லை. எஸ். பாலசுப்ரமணியன் விகடனில் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தில் பயின்றவர்கள் தமிழ்ப் பத்திரிகைகள் பலவற்றில் இருக்கிறார்கள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. 2022 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்களே வருகின்றன. லீட், டேட்லைன், பைலைன் போன்ற சொற்களை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். பயிற்சி வேறு இடத்தில் தொடங்க வேண்டும். தன் ஊரில் நடந்த ஒன்றை மாணவர் பத்து வரியில் எழுதட்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இது எனக்கு எப்படித் தெரியும் என்று குறிக்கட்டும்: பார்த்தது, பார்த்தவர் சொன்னது, கேள்விப்பட்டவர் சொன்னது, காகிதத்தில் இருந்தது. கடைசி இரண்டு வகை மட்டுமே மிஞ்சினால், எழுதுவதை நிறுத்திவிட்டு இடத்துக்குப் போகட்டும். திரும்பி வந்ததும் 'ஏன்' என்ற பத்தியைக் கடைசியிலிருந்து தூக்கி இரண்டாவதாக வைக்கட்டும். டெஸ்க் அடியிலிருந்துதான் வெட்டும். வெட்டியது போக மிஞ்சுகிற செய்தியில் காரணம் இருந்தால், அடுத்த மனு கொடுக்கப் போகிறவர் கையில் அந்தக் கத்தரிப்பு இருக்கும்.